பாக்கி வேலைக்கு ஒரு வரிசை

குமாரபாளையத்தில் பிக்கப் வண்டியின் பிழைப்பு தறியின் பிழைப்போடு ஒட்டியது. நூல் மூட்டை சைசிங் மில்லுக்குப் போக வேண்டும். அங்கே சுற்றிய பாவு பீம் தறிக்கூடத்துக்கு வர வேண்டும். நெய்த துண்டும் லுங்கியும் பேல் கட்டி ஈரோட்டுக்கோ லாரி புக்கிங் ஆபீசுக்கோ சேர வேண்டும். பெரும்பாலும் குறுகிய ஓட்டம்தான்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானி, கீழே பள்ளிபாளையம், இந்தப் பக்கம் சங்ககிரி, திருச்செங்கோடு. அவ்வப்போது சேலம், அபூர்வமாக பெங்களூரு. நாளைக்கு 60 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஆகிறது. பத்து ஆண்டில் 1,80,000. பொலிரோ பிக்கப்போ, தோஸ்த்தோ, பழைய டாடா 207-ஓ, நன்றாகப் பார்த்துக்கொண்ட டீசல் வண்டிக்கு இது சாகும் வயதில்லை. ஆனால் வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். பில் எதுவும் இருக்காது. கிரவுன் ஆயில் எப்போது மாற்றியது என்று கேட்டால் முந்தைய டிரைவரைக் கேட்கச் சொல்வார்கள். அந்த டிரைவரும் இப்போது வேறு வண்டியில் இருப்பார். இப்படித் தேங்கிப் போன வேலைகளை, கையில் ஒரே நேரத்தில் பெரிய பணம் இல்லாத ஓர் உரிமையாளர் எந்த வரிசையில் தீர்ப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

வழக்கத்தில் மூன்று வரிசைகள் உண்டு. சத்தம் போடுவதை முதலில் பார்ப்பது, மலிவாக முடிவதை முதலில் முடிப்பது, கண்ணில் படுவதை முதலில் சரிசெய்வது. மூன்றுமே தவறான வரிசை. ஷாக் புஷ் தேய்ந்தால் தெரு முழுக்கக் கேட்கும். பிரேக் ஆயிலில் ஈரம் ஏறினால் ஒரு சத்தமும் வராது. கதவு மூலையில் துரு தினமும் கண்ணில் படும். டைமிங் பெல்ட்டின் வெடிப்பு மூடிக்குள் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பாக்கி வேலையையும் எடுத்துவைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது ஓட்டத்தில் கெட்டால் என்ன ஆகும்? பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். வண்டி நிற்காது அல்லது திரும்பாது, எஞ்சின் போய்விடும், காசு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இந்த மூன்று பதிலும் மூன்று அடுக்கு. முதல் அடுக்கு முடியாமல் மூன்றாம் அடுக்குக்குப் பணம் போகக்கூடாது. இந்த அத்தியாயம் சொல்வது இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்ய விடாமல் தடுக்கும் பழக்கங்களும் வாதங்களும் நிறைய இருப்பதால் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எஃப்.சி.யை நம்பி இருக்கலாமா?

சரக்கு வண்டிக்குச் சட்டமே ஒரு தவணை வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-ஆம் விதிப்படி, 8 ஆண்டு வரை தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். சான்று காலாவதியான வண்டி, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும். அதனால் பழைய பிக்கப் வைத்திருக்கும் எல்லோருமே ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்ட வண்டியைப் பட்டறையில் விடுகிறார்கள். அப்போது செலவாகும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். டிங்கரிங், பெயின்ட், பாடிப் பலகை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், விளக்கு, ஹாரன், வைப்பர். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் பரிசோதனை என்பது ஒரு நாளில், ஒரு மணி நேரத்தில், வண்டியை அவிழ்க்காமல் பார்ப்பது. ரேடியேட்டருக்குள் படிந்த உப்பு அங்கே தெரியாது. பெல்ட்டின் வயது தெரியாது. சக்கர பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருப்பது தெரியாது. சான்று கிடைத்த மறுநாள் வண்டி நல்ல நிலையில் இருப்பதாக உரிமையாளர் எண்ணிக்கொள்ளும்போது, உள்ளே இருக்கும் பாக்கி இன்னும் ஓர் ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது.

எஃப்.சி. தேதியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அதை முடிவு நாளாக வைத்து, நான்கு மாதம் முன்பிருந்தே பாக்கி வேலைகளைப் பின்னோக்கி அடுக்குங்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர் வேலைகள் பரிசோதனைக்கும் பயன்படும், உயிருக்கும் பயன்படும், அவை முதலில். பெயின்ட் கடைசி வாரத்தில். எந்தப் பட்டறைக்காரரும் கடைசி வாரத்தில் பிரேக் டிரம்மை நிதானமாகப் பார்க்கமாட்டார். அந்த வாரத்தில் அவருக்கு வேண்டியது வண்டி சான்று வாங்குவது மட்டுமே.

செலவு செய்யத் தகுந்த வண்டியா?

வரிசை போடுவதற்கு முன் அரை நாள் பரிசோதனை ஒன்று தேவை. இதில் எதையும் மாற்ற வேண்டாம். பார்த்து எழுதினால் போதும். முதலில் சேஸிஸ். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தொங்கும் பிராக்கெட் ஓரங்களிலும், குறுக்குச் சட்டம் சேரும் இடங்களிலும் மண்ணைச் சுரண்டிவிட்டு விரிசல் இருக்கிறதா, துரு தகடாகப் பெயர்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வெல்டிங் தழும்பு மேலேயே மறுபடி விரிசல் ஓடியிருந்தால் அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை செய்வதில் பொருளில்லை. அடுத்தது எஞ்சின். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஓடிக் களைத்த சூடான எஞ்சின் எளிதில் பிடித்துவிடும், உண்மையைச் சொல்லாது. ஆயில் மூடியைத் திறந்தால் காற்று பலமாக அடிக்கிறதா, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, புகை என்ன நிறம் என்பவற்றைக் குறிக்க வேண்டும். கரும்புகை பெரும்பாலும் ஏர் ஃபில்டரையோ நாசிலையோ காட்டும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் நிற்காத வெண்புகை, சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று சந்தேகப்பட வைக்கும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் பார்த்துவிடுவது நல்லது. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் எஞ்சினுக்கு ஆயுள் இருக்கிறது. ஒன்று மட்டும் கீழே கிடந்தால் வேலை பெரிது.

இந்தப் பரிசோதனையில் சேஸிஸும் கம்ப்ரஷனும் தேறினால், மற்ற எந்தப் பாக்கியும் வண்டியை விற்கக் காரணமாகாது. இரண்டில் ஒன்று தேறவில்லை என்றால், அடுத்த எஃப்.சி. வரை பாதுகாப்பு வேலை மட்டும் செய்து ஓட்டி, அதற்குள் மாற்று ஏற்பாடு பார்ப்பதே சரி. இன்னொரு சிறு வேலையும் இப்போதே முடிய வேண்டும்: ஓடாத ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வது. கேபிளோ சென்சாரோ, செலவு சிறியது. கிலோமீட்டர் ஓடாத வண்டியில் பராமரிப்புக் கணக்கு எதையும் எழுத முடியாது. பில்லோ குறிப்போ இல்லாத வேலை எதுவாக இருந்தாலும் அது செய்யப்படவில்லை என்றே எழுதுங்கள். மாற்றியதாக ஞாபகம் என்பது கணக்கில் சேராது.

முதல் அடுக்கு: நிற்பதும் திரும்புவதும்

குமாரபாளையம் சமவெளி. இங்கே ஓட்டும் வரை பழைய பிரேக் போதுமானதாகவே தோன்றும். சோதனை வெளியூர் லோடில் வரும். பெங்களூரு போய்த் திரும்பும் வண்டி, தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். பிரேக் பிடிக்காத லாரிகளால் தொடர்ந்து விபத்து நடக்கும் இடம் அது. மைசூரு பக்கமிருந்து வந்தால் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இறக்கங்களில் பிரேக் தொடர்ந்து சூடாகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதன் வரையறை 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இதுவே 230, 155. ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும்; ஆவியை அழுத்தலாம், அது தள்ளாது; பெடல் தரை வரை போகும், சக்கரம் பிடிக்காது. வண்டி நின்று ஆறினால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும் என்பதால், என்ன நடந்தது என்றே டிரைவருக்குப் புரியாமல் போகலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டிய சில நூறு ரூபாய்ச் சரக்கு இது. பாக்கிப் பட்டியலின் முதல் வரியில் இதை எழுதுங்கள்.

அதே கையோடு நான்கு சக்கரத்தையும் கழற்றுங்கள். பின் டிரம்மில் வீல் சிலிண்டர் கசிகிறதா, ஹப் ஆயில் சீல் போய் கிரவுன் ஆயில் லைனிங்கில் பட்டிருக்கிறதா, முன் டிஸ்க் கோடு விழுந்திருக்கிறதா, ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் ஊறிய லைனிங்கைத் தேய்த்துப் போட்டால் சில நாள் பிடிக்கும், பிறகு ஒரு பக்கம் இழுக்கும், மாற்றிவிடுவதே வழி. பேரிங்கைக் கழுவிப் பார்த்து, நிறம் மாறியிருந்தாலோ உருளையில் புள்ளி விழுந்திருந்தாலோ மாற்றி, புது கிரீஸ் வைத்துக் கட்ட வேண்டும். ஸ்டீயரிங் பக்கம் டை ராட் எண்டு, பால் ஜாயின்ட் அல்லது கிங் பின். நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். அறுந்து தொங்கிய ஷாஃப்ட் ஓட்டத்தில் தரையில் குத்தினால் வண்டியே புரளும் என்பதால் கிராஸும் இந்த அடுக்கில்தான் வரும். டயரில், 94-ஆம் விதிப்படி காருக்கும் சரக்கு வண்டிக்கும் குறைந்தபட்சக் கட்டை உயரம் 1.6 மில்லிமீட்டர். கட்டை தேயாவிட்டாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு; 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். பக்கச் சுவரில் வெடிப்பு ஓடிய டயர், கட்டை நன்றாக இருந்தாலும் முன் சக்கரத்துக்கு ஆகாது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். லோடு கூடுதலாக ஏற்றுவதற்காகப் பின்பக்கம் கூடுதல் பட்டை சேர்ப்பது. பல பிக்கப்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு உண்டு; லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும், காலி வண்டியில் குறைக்கும். கூடுதல் பட்டை போட்ட வண்டி லோடிலும் தாழாது. வால்வு அதைக் காலி வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பலவீனமாகவே இருக்கும். லோடு அதிகமாக ஏற்றப் பட்டை போட்டு, அதே செயலால் பிரேக்கைக் குறைத்துக்கொள்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பது இதற்கு மேல். கூடுதல் பட்டையைக் கழற்றி வால்வு கம்பியைச் சரியான அளவுக்கு வைப்பதும் பாக்கி வேலைதான்.

இரண்டாம் அடுக்கு: எஞ்சினைக் கொல்பவை

இங்கே முதல் எதிரி தண்ணீர். குமாரபாளையமும் பள்ளிபாளையமும் சாயப்பட்டறை ஊர்கள். நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த போர் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். உப்பு குழாய்ச் சுவரில் படிந்து வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. மறுபக்கம் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கிறது. குளிர்காலத்தில் இது தெரியாது. மார்ச்சு முதல் மே வரை வெயில் 40 டிகிரியை எட்டும் நாட்களில், லோடோடு சங்ககிரிப் பக்கம் ஊர்ந்து போகும்போது முள் ஏறும். அலுமினிய ஹெட் வளைந்தால் கேஸ்கட், ஃபேசிங், கூலி என்று செலவு கூலன்ட் விலையைப் போல் பல மடங்காகிவிடும். ஆகவே ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஹோஸ், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் பார்த்து, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் மட்டுமே ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் மறக்கக் கூடாது: 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 100-லிருந்து ஏறக்குறைய 120 டிகிரிக்கு உயர்கிறது, தளர்ந்த மூடி அந்த 20 டிகிரியைப் பறித்துவிடும். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வாகாது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி டீசலையும் ஆயிலையும் கெடுக்கும்.

அடுத்து டைமிங். உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா என்பதைக் கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால், எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லாத பெல்ட் அடுத்த லோடுக்கு முன் மாற வேண்டும். டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மூன்றாவது ஆயில். ஐந்து கிலோமீட்டர் ஓடி நின்று, லோடு இறங்கும் வரை ஐடிலில் கிடந்து, மறுபடி ஓடும் வண்டிக்கு ஆயில் சீக்கிரம் கெடும். கையேட்டில் கடினமான உபயோகத்துக்கு என்று தனியாகக் குறைவான இடைவெளி கொடுத்திருப்பார்கள். தறி ஊரின் பிக்கப்புக்கு அதுவே பொருந்தும். நான்காவது டீசல் ஃபில்டர். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுதும் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்று விதி வந்தபின் பிக்கப்களில் காமன் ரெயில் பரவலாகிவிட்டது. 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்யும் நாசிலுக்கு ஒரு துளி தண்ணீரும் கேடு. ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுவதற்குச் செலவே இல்லை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். புது வண்டி பொறுக்காது.

மூன்றாம் அடுக்கு: கசியும் காசு

ஏர் ஃபில்டர், நாசில், கிளச், ஷாக், கியர் ஆயில், கிரவுன் ஆயில், சைலன்சர், செல்ஃப், டைனமோ, கதவு, சீட். இவை கெட்டால் வண்டி நிற்கலாம், செலவு கூடலாம். ஆள் சாகமாட்டார், எஞ்சின் உடையாது. அதற்காக இதைச் சிறியது என்று தள்ளிவிடவும் முடியாது. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கினால், ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் சுமார் 250 லிட்டர் டீசல் கூடுதலாகப் போகும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய். முதல் இரண்டு அடுக்கு முடிந்தபின் இந்தத் தொகையே மூன்றாம் அடுக்குக்கு மூலதனம். டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதிவந்தால், எந்த வேலை காசைத் திருப்பித் தந்தது என்பதும் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்குவதும் இந்த அடுக்கில் மட்டும்: கதவுக் கண்ணாடி, பின் பலகைக் கொண்டி, சீட் எதுவும் பழையதாக இருக்கலாம். பிரேக், ஸ்டீயரிங், பேரிங், பெல்ட் சாமான்களைக் கம்பெனிப் பெட்டியில், பில்லோடு வாங்குங்கள்.

ஒரு கழற்றலுக்கு ஒரு தொகுப்பு

அடுக்கு எது முன் என்று சொல்லும். எதோடு எதைச் சேர்ப்பது என்பதற்கு வேறு விதி. கூலியில் பெரும்பங்கு கழற்றி மாட்டுவதற்கே போகிறது. கியர் பாக்ஸ் ஒருமுறை இறங்கினால் கிளச் பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின் ஆயில் சீல் நான்கும் மாற வேண்டும். 300 ரூபாய் சீலை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி கியர் பாக்ஸ் இறக்குவது யாருக்கும் லாபமில்லை. டைமிங் பெல்ட் மாற்றினால் டென்ஷனரும், அதே பெல்ட்டில் வாட்டர் பம்பு ஓடினால் அதுவும். ஹப் கழற்றினால் பேரிங், சீல், லைனிங். இந்தத் தொகுப்புக்குள் மூன்றாம் அடுக்கு வேலை ஒன்று வந்து சேர்ந்தால் அதை மட்டும் முன்னே செய்யலாம்; வரிசைக்கு இது ஒன்றே விலக்கு. நாமக்கல் பாடி கட்டும் ஊர், சங்ககிரி லாரி ஊர், திருச்செங்கோடு ரிக் ஊர். ரேடியேட்டருக்கு ஒருவர், பட்டைக்கு ஒருவர், பம்ப் நாசிலுக்கு ஒருவர், லேத்துக்கு ஒருவர் என்று தேர்ந்த கை சுற்று வட்டாரத்திலேயே கிடைக்கும். வசதிதான், ஆனால் நான்கு பட்டறைக்குப் போகும் வண்டிக்கு முழுப் பொறுப்பும் எவரிடமும் இராது. பட்டியலும் நோட்டும் உரிமையாளர் கையில் இருக்க வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். கூலிங் வேலை பிப்ரவரிக்குள். டயர், பிரேக், வைப்பர் அக்டோபர் மழைக்கு முன். எஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்கும் வேலையைத் தீபாவளிச் சரக்கு ஓடும் மாதங்களில் வைக்கக் கூடாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தறி நிற்கும் நாட்களில் முடிக்கலாம் என்று தோன்றும். அந்த நாளில் பட்டறையும் பூட்டியிருக்கும். விடுமுறை முடிந்து தறிகள் மெல்ல ஓடத் தொடங்கும் வாரமே சரியான வாரம். அதற்கு முன்பே சாமான் வாங்கி வைத்து, மெக்கானிக்கிடம் நாள் சொல்லி வைத்துவிட வேண்டும். பணத்துக்கு, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2 ரூபாய் தனியே எடுத்து வையுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் என்றால் 3,000 ரூபாய், ஆண்டுக்கு 36,000. பாக்கி தீர்ந்தபின் 1 ரூபாயாகக் குறைக்கலாம். வாடகை பேசும்போதே இதை டீசல் போலச் செலவாகக் கணக்கிட வேண்டும். மிச்சத்திலிருந்து எடுக்க நினைத்தால் மிச்சம் இருக்காது.

எதிர்வாதங்கள்

ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்பது லாரி ஊர்களின் பழைய வாக்கு. அதில் உண்மை உண்டு: மோசமான கை பட்டு நன்றாக இருந்த வண்டி கெடுவதும், பத்து வேலையை ஒன்றாகச் செய்து புதிதாக வந்த சத்தம் எதனால் என்று தெரியாமல் தவிப்பதும் நடக்கிறது. ஆனால் அந்த வாக்கு சொல்வது, ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டும் தொடு, ஒரு வாரம் உள்ளூரில் ஓட்டி நட்டு முறுக்கு, கசிவு பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போ என்பதைத்தான். தொடவே தொடாதே என்று அதைப் படித்தால், கை வைக்கும் நாளை நாம் தேர்ந்தெடுக்காமல் தொப்பூர் இறக்கத்திடம் விட்டுவிடுகிறோம். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று டிரைவர் சொல்வதும் இதே வகை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் பிரேக்குக்கு டிரைவரின் கால் பழகிவிடுகிறது. புதிதாக ஓட்டுபவர்தான் முதல் நாளே கண்டுபிடிப்பார்.

வண்டி விற்றாலே இரண்டு லட்சம் வராது, இதற்கு எண்பதாயிரம் செலவா என்பது அடுத்த வாதம். ஒப்பீடு தவறு. விற்கும் விலையோடு ஒப்பிட வேண்டியது விற்கப் போகிறவர். ஓட்டப் போகிறவர், மாற்று வண்டியின் டியூவோடு ஒப்பிட வேண்டும். மாதம் 18,000 டியூ என்று வைத்துக்கொண்டால், 80,000 என்பது நான்கரை மாதத் தவணைக்கும் குறைவு. சேஸிஸும் கம்ப்ரஷனும் தேறிய வண்டி அந்தச் செலவுக்கு இரண்டு மூன்று ஆண்டு ஓடினாலே கணக்கு நேராகிவிடும். அதற்காகக் கடன் வாங்கி ஒரேயடியாக எல்லாவற்றையும் முடிக்கவும் வேண்டாம். முதல் அடுக்கு பெரும்பாலும் ஒரு மாத வாடகைக்குள் முடியும், மற்றவை தவணையில் வரலாம்.

மூன்றாவது, பழைய எஞ்சினுக்குப் புது ஆயில் ஊற்றினால் கசியும், அதனால் பழையதோடு கொஞ்சம் சேர்த்து விட்டால் போதும் என்பது. இறுகிப் போன சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அந்த அழுக்கைக் கழுவும்போது சீல் கெட்டுப் போயிருந்தது வெளியே தெரிகிறது. சீலை மாற்றுங்கள். ஆனால் அவசரப்பட்டு மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி எஞ்சினைக் கழுவவும் வேண்டாம்; பெயர்ந்த கசடு ஆயில் சல்லடையை அடைத்தால் பேரிங் போய்விடும். 2,500 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் உள் அழுக்கு பத்திரமாக வெளியேறும். அதன்பின் வழக்கமான இடைவெளிக்கு வரலாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் பாக்கி வேலைகளையும் ஒவ்வொன்றின் எதிரே அடுக்கு எண்ணையும் எழுதுங்கள். வலப்பக்கம் முடித்த தேதி, கிலோமீட்டர், சாமான் பெயர், பில் எண். முதல் அடுக்கில் ஒரு வரி மிச்சமிருக்கும் வரை மலைப்பாதை லோடுக்கு வாடகை எவ்வளவு கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியை விற்கும் நாள் வந்தாலும் அந்த நோட்டை வாங்குபவரிடம் கொடுங்கள். நீங்கள் தீர்த்த பாக்கியை அவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிராது.